படகில் ஏறிய கப்பல்கள்

1667-ஆம் ஆண்டு ஜூன் 19. லண்டனில் அரசரின் ஆலோசனைக் குழு முன்னால் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெயர் பீட்டர் பெட். சாத்தம் கப்பல் கட்டும் துறையின் ஆணையர். தகப்பனார், பாட்டனார் காலத்திலிருந்து அரசருக்குப் போர்க்கப்பல் கட்டிவந்த குடும்பம். அதற்கு ஒரு வாரம் முன்புதான் டச்சுக் கடற்படை மெட்வே ஆற்றுக்குள் புகுந்திருந்தது. குறுக்கே கட்டிவைத்த இரும்புச் சங்கிலியைத் தாண்டி உள்ளே வந்து, கட்டிக் கிடந்த பெரிய கப்பல்களுக்குத் தீ வைத்தார்கள். ‘ராயல் சார்லஸ்’ என்ற தலைமைக் கப்பலைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே போய்விட்டார்கள். இரண்டாம் சார்லஸ் அரசர் 1660-இல் நாடு திரும்பியபோது ஏறி வந்த கப்பல் அது. இங்கிலாந்துக்கு அதைவிடப் பெரிய தலைகுனிவு கிடையாது. யார் தலையிலாவது பழியைக் கட்ட வேண்டியிருந்தது. பெட் அகப்பட்டார்.

அவர்மேல் சொன்ன குற்றங்களில் ஒன்று படகுகளைப் பற்றியது. கப்பல்களைக் காப்பாற்றத் தேவைப்பட்ட படகுகளில் தன் சொந்தச் சாமான்களை ஏற்றி அனுப்பினார் என்றார்கள். பெட் மறுக்கவில்லை. எல்லாப் படகும் போனபின் மிச்சமிருந்த ஒன்றைத்தான் எடுத்தேன், அதில் ஏற்றியது என் கப்பல் மாதிரிகளை என்றார். அரசரின் கப்பல்களுக்குப் பதிலாக அந்தப் பொம்மைகளை டச்சுக்காரன் கொண்டுபோயிருக்கலாமே என்று குழுவில் சிலர் சொன்னார்கள். அதற்கு பெட் சொன்ன பதிலைத்தான் நான் மறக்க முடியாமல் வைத்திருக்கிறேன். கப்பல்களைவிட இந்த மாதிரிகளால்தான் டச்சுக்காரருக்கு அதிக லாபம் இருந்திருக்கும், அரசருக்கும் அதுவே பெரிய நஷ்டமாகியிருக்கும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கடற்படை வாரியத்தில் எழுத்தராக அங்கே இருந்த சாமுவேல் பெப்பிஸ் இதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கோயம்புத்தூரில் முப்பத்தோரு வருடம் பேட்டர்ன் வேலை செய்தவன். பவுண்டரியில் வார்ப்பு ஊற்றுவதற்கு முன்னால், ஊற்ற வேண்டிய பொருளை அப்படியே மரத்தில் செய்து மணலில் பதிப்பார்கள். அந்த மர உருவம்தான் பேட்டர்ன். பம்ப் கேசிங், மோட்டார் பாடி, புல்லி என்று என் கையில் உருவானவற்றுக்குக் கணக்கில்லை. ஒரு ஐப்பசி மழையில் பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. முதலாளி வாசலில் நின்று கத்தினார்: “பேட்டர்னை மொதல்ல தூக்குங்கப்பா! மோட்டாரெல்லாம் கெடக்கட்டும்!” புது மோட்டார் கடையில் கிடைக்கும். வார்ப்பை மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். பேட்டர்ன் போனால் அந்தப் பொருளே போன மாதிரி. பெட் சொன்னதும் இதுதான். குழுவில் இருந்தவர்கள் யாரும் மரவேலை செய்தவர்கள் இல்லை, அதனால் சிரித்தார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் கட்ட ஆரம்பித்திருப்பது ஒரு பாய்மரப் போர்க்கப்பல் மாதிரி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைக் கட்டுவதற்காகப் படிக்கப் போய்த்தான் பெட் கதையில் வந்து நின்றேன்.

அந்தக் குடும்பத்துக்கு மாதிரி புதிதல்ல. பீட்டரின் தகப்பனார் பினியஸ் பெட் 1607-இல் இளவரசர் ஹென்றிக்காக ஒரு கப்பல் மாதிரி செய்தார். பெரும்பகுதி அவரே தன் கையால் செய்தது. அதைப் பார்த்த பிறகுதான் ‘பிரின்ஸ் ராயல்’ என்ற பெரிய கப்பலைக் கட்டும் பொறுப்பு அவருக்கு வந்தது. 1610-இல் அது கடலில் இறங்கியது. 1634-இல் முதலாம் சார்லஸ் அரசருக்கு இன்னொரு மாதிரி. அதற்குப் பின்னால் எழுந்தது ‘சாவரின் ஆஃப் தி சீஸ்’. வரைபடம் எல்லோருக்கும் படிக்க வராது. மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் பொருளை யாரும் படித்துவிடலாம்.

1650-களுக்குப் பிறகு இங்கிலாந்தில் இந்த வேலை ஒரு தனி மரபாகவே வளர்ந்தது. ‘நேவி போர்டு மாடல்’ என்று இன்று அழைப்பது அவற்றைத்தான். அளவு பெரும்பாலும் 1:48. அதாவது நிஜக் கப்பலின் ஓர் அடிக்கு மாதிரியில் கால் அங்குலம். கப்பலின் வரைபடத்துக்கும் அதே அளவுதான், ஆகவே காகிதத்திலிருந்து டிவைடரில் எடுத்து நேரே மரத்தில் வைக்கலாம். பேட்டர்ன் வேலையில் எங்களுக்கு இந்த வசதி கிடையாது. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும் என்பதால், அதற்கென்றே நீட்டி அடித்த ஸ்கேலை வைத்துத்தான் அளப்போம்.

இந்த மாதிரிகளை முதன்முதலில் படத்தில் பார்த்தபோது நான் வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. மேல் பாதியில் பலகை போர்த்தி, பீரங்கி வாசல்களைச் சுற்றிச் செதுக்கிய வளையம், பின்புறத்தில் தங்க முலாம் பூசிய சிங்கங்களும் மனித உருவங்களும் என்று அரண்மனை மாதிரி இருக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே பலகையே இருக்காது. ஏரா மரமும், அதிலிருந்து எழும்பும் விலா மரங்களும் அப்படியே தெரியும், மீனைச் சுத்தம் செய்து முள்ளை மட்டும் வைத்த மாதிரி. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நிஜக் கப்பலில் விலா மரங்கள் அப்படி அடுக்கியிருந்ததில்லை. மாதிரியில் அடிமரத்தின் நுனியும் அதற்கு மேல் ஏறும் மரத்தின் அடியும் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் கெட்டியான பட்டை போலவும், மற்ற இடமெல்லாம் சம இடைவெளி விட்டும் அமைத்திருப்பார்கள். கட்டுமான முறையைக் காட்டுவதற்காகச் செய்ததல்ல இது, உடலின் வளைவைக் காட்டுவதற்காகச் செய்தது. பலகை போர்த்திவிட்டால் வளைவைக் கை உணரும், கண் ஏமாந்துவிடும். இடைவெளி விட்ட விலாக்களில் கோடு எங்கே உடைகிறது, எங்கே தொய்கிறது என்று வெளிச்சமே காட்டிக்கொடுத்துவிடும். பம்ப் கேசிங்கின் உள்வளைவைச் சரிபார்க்க நாங்களும் துண்டுத் துண்டாக டெம்ப்ளேட் வெட்டி நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்துத்தான் பார்ப்போம்.

மரம் பெரும்பாலும் பேரி மரமும் பாக்ஸ் மரமும். இரண்டும் ரேகை தெரியாத, இறுகிய மரங்கள். மேல்தளத்தில் பாதிப் பலகையை வேண்டுமென்றே விட்டுவைத்து, கீழேயுள்ள உத்திரங்கள் தெரியும்படி செய்திருப்பார்கள். இன்று எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்க்கும்போது, வெளியிலிருந்து யார் கண்ணுக்கும் படாத அறைகளிலும் வேலைப்பாடு இருப்பது தெரியவருகிறது. யாருக்கும் தெரியாத இடத்தை அவர்கள் ஏன் இழைத்தார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். தொழிலாளிக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பெப்பிஸுக்கும் கப்பல் மாதிரிகள்மேல் ஆசை இருந்தது. 1662 ஆகஸ்டில் அந்தோணி டீன் என்ற கப்பல் கட்டுநர் அவருக்கு மரம் அளக்கும் கணக்கைக் கற்றுக்கொடுத்ததோடு, ஒரு கப்பல் மாதிரியும் தருவதாக வாக்குக் கொடுத்தார். தனக்கென்று ஒன்று வேண்டுமென்று பெப்பிஸ் நாட்குறிப்பில் எழுதினார். அவர் தையற்காரர் மகன். கடலைப் பற்றி ஒன்றும் தெரியாமல் பதவிக்கு வந்தவர். கப்பலைக் கற்றுக்கொள்ள மாதிரிதான் அவருக்கு அரிச்சுவடி. அப்படிப்பட்டவர் ஐந்து வருடம் கழித்து அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டாரா என்பதுதான் என் மனதில் உறுத்துவது. ‘ராயல் சார்லஸ்’ பறிபோனது உறுதியானதும் அவர் செய்த காரியம், சுமார் 1,300 பவுண்டு பொன்னைப் பையில் போட்டு மனைவியிடமும் தகப்பனாரிடமும் கொடுத்து ஊருக்கு அனுப்பியதுதான். ஆளுக்கு ஆள் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். அந்த வாரத்தில் பெட் தூக்கியது கப்பல்களின் வடிவத்தை.

வடிவத்தைக் காட்டி அரசரைச் சம்மதிக்க வைப்பது நூறு வருடம் கழித்தும் நடந்தது. மரக் கப்பலின் அடியைக் கடல் புழு துளைத்துவிடும், பாசியும் சிப்பியும் ஒட்டி வேகத்தைக் குறைத்துவிடும். அதற்கு மருந்து, அடிமுழுக்கச் செம்புத் தகடு அடிப்பது. செலவு பெரியது. கடற்படைக் கணக்கதிகாரியாக 1778-இல் வந்த சார்லஸ் மிடில்டன், ‘பெலோனா’ என்ற கப்பலின் மாதிரிக்கு அடியில் செம்புத் தகடு போர்த்தி, மூன்றாம் ஜார்ஜ் அரசருக்குக் காட்டச் செய்தார். பிரிட்டிஷ் கடற்படை முழுக்கச் செம்பு போர்த்தப்பட்டது. அந்த மாதிரி இன்றும் இருக்கிறது.

கைதிகள் செய்த எலும்புக் கப்பல்களையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஆனால் அவை வேறு சாதி. பிரான்சோடு நடந்த போர்களில் பிடிபட்ட மாலுமிகளை அடைக்க, பீட்டர்பரோ அருகே நார்மன் கிராஸ் என்ற இடத்தில் 1797-இல் ஒரு முகாம் திறந்தார்கள். சாப்பாட்டில் வந்த மாட்டெலும்பையும் ஆட்டெலும்பையும் வேகவைத்து, வெளுக்கவைத்து, சீவி, மர உடலின்மேல் பலகையாக ஒட்டி ஆணியடித்தார்கள். பாய்மரக் கயிற்றுக்குத் தலைமுடி. வாசலில் நடந்த சந்தையில் ஊர்க்காரர்களுக்கு விற்றார்கள். கையில் வரைபடம் இல்லை, நினைவில் இருந்ததை வைத்துச் செய்தார்கள். அதனால் பீரங்கி பெரிதாக இருக்கும், பாய்மரம் உயரமாக இருக்கும். கப்பலின் அளவை அவற்றிலிருந்து எடுக்க முடியாது. அந்த முகாமில் 1,700-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எலும்பை இழைத்த கைகள் எப்படிப்பட்டவை என்பதை மட்டும் அந்தக் கப்பல்கள் சொல்லும். எனக்கு அதுவும் போதும்.

இனி என் கப்பல். பெயர் ‘டிரிங்கோமலி’, நம் திருகோணமலைதான். 1782-இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் நம் கரையோரமாகவே ஒருவரையொருவர் துரத்தித் துரத்தி மோதினார்கள். பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு வெளியே, ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு வெளியே, செப்டம்பர் 3-இல் திருகோணமலைக்கு வெளியே. அந்தக் கடைசிச் சண்டையின் நினைவாகப் பிற்பாடு வைத்த பெயர் இது. கட்டியது பம்பாயில், ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி மேஸ்திரி. மரம் மலபார்த் தேக்கு. 1817 அக்டோபர் 12-இல் நீரில் இறங்கியது. ஏரா மரம் வைக்கும்போது பார்சி வழக்கப்படி அதில் ஒரு வெள்ளி ஆணி அடித்தார்கள்.

இந்தக் கப்பலுக்கு முதலில் அனுப்பிய வரைபடங்கள் பம்பாய்க்கு வந்து சேரவே இல்லை. அவற்றைச் சுமந்து வந்த ‘ஜாவா’ என்ற கப்பலை 1812 டிசம்பர் 29-இல் பிரேசில் கரைக்கு வெளியே அமெரிக்கப் போர்க்கப்பல் ‘கான்ஸ்டிடியூஷன்’ அடித்து நொறுக்கிப் பிடித்தது. பிடித்தபின் அதற்குத் தீ வைத்தார்கள். காகிதமும் அதோடு போயிற்று. லண்டனிலிருந்து மறுபடி நகல் எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. வேலை தொடங்கியது 1816-இல்தான். காகிதத்தை மட்டும் நம்பியிருப்பது எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கப்பல் இன்னமும் இருக்கிறது. வட இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில், 1990 தொடங்கி 2001 வரை பழுதுபார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். பிரிட்டனில் மிதக்கிற போர்க்கப்பல்களில் இதுவே மூத்தது. அதைப் படம் பார்த்துச் செய்துவிடலாம் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். பாதி வழியில்தான் தெரிந்தது, 1840-களில் அதன் பின்புறத்தின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள் என்று. வாடியா கட்டிக்கொடுத்த பின்புறம் வேறு. இன்று நிற்கும் கப்பலைச் செய்வதா, பம்பாயில் இறங்கிய கப்பலைச் செய்வதா? நான் பம்பாயைத் தேர்ந்தெடுத்தேன். ஒட்டிய ஏழு விலாக்களைப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று.

அளவு 1:64. பீரங்கித் தளத்தின் நீளம் நிஜத்தில் 150 அடி, என் மேசையில் 28 அங்குலம். தேக்குக் கப்பலைத் தேக்கில் செய்ய முடியாது என்பது எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. மரத்தின் ரேகைக்கு ஸ்கேல் கிடையாது. ஒன்றரை மில்லிமீட்டர் பலகையில் தேக்கின் துவாரங்கள் வாய்க்கால் மாதிரி தெரியும். எண்ணெய் மரம், பசையும் சரியாகப் பிடிக்காது. பேரி மரத்துக்கும் பாக்ஸ் மரத்துக்கும் நான் எங்கே போவது? மஞ்சக்கடம்பு எடுத்தேன். அம்பாசமுத்திரத்தில் குழந்தைகளுக்குச் செப்புச் சாமான் கடைந்தது இந்த மரத்தில்தான். வெண்ணெய் நிறம், ரேகை அடங்கியது, உளிக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் பிளக்காது.

பலகை வளைப்பதைச் சொல்கிறேன். அணியத்துக்கு அருகே கப்பலின் வயிறு சட்டென்று உள்வாங்குகிறது. அங்கே வரும் பலகை வளையவும் வேண்டும், முறுகவும் வேண்டும். சுடுதண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து எடுத்து, சால்டரிங் அயர்னின் குழாயில் ஈரத் துணி சுற்றி, அதன்மேல் பலகையை மெதுவாக இழுப்பேன். ‘ஸ்ஸ்’ என்று ஆவி வரும்; மரத்திலிருந்து பச்சை வாசனை வரும். கை விரலில் ஒரு தளர்ச்சி தெரியும் பாருங்கள், அந்த நொடியில் வளைக்க வேண்டும். முந்தினால் முறியும், பிந்தினால் கருகும். வளைத்ததை அச்சில் கட்டி ஓர் இரவு விட்டால் மறுநாள் அப்படியே நிற்கும். ஒரு நாளைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் பசை காயும்போது இழுத்து ஏராவையே கோணலாக்கிவிடும். வாடியாவின் ஆட்களும் இரு பக்கமும் சமமாகத்தான் ஏறியிருப்பார்கள்.

கயிற்றில் ஒரு பெரிய தப்பு செய்தேன். பழைய பட்டியலில் பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிறு 7 அங்குலம் என்றிருந்தது. அறுபத்துநான்கால் வகுத்தேன், கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குக் கயிறு திரித்து வந்தது. வைத்துப் பார்த்தால் கப்பலைக் கயிறே விழுங்கிவிடும் போலிருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது: அந்தக் காலக் கப்பற்கயிற்றுக்கு அளவு என்றால் சுற்றளவு. குறுக்களவு பார்த்தால் இரண்டேகால் அங்குலம்தான். என் அளவுக்கு 0.9 மில்லிமீட்டர். மறுபடி மூன்று புரியாக நூல் முறுக்கி, தேன்மெழுகு இழுத்து, வலப்புரி இடப்புரி பார்த்துச் செய்தேன். புத்தகத்தில் நூறு முறை படித்தாலும் இது மனதில் ஏறியிருக்காது. கையில் தப்பாக வந்ததும் ஏறிவிட்டது. டீன் தருவதாகச் சொன்ன கப்பல் மாதிரிக்கு பெப்பிஸ் ஆசைப்பட்டது இதற்காகத்தான் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க, இத்தனை பாடுபட்டு இது எதுக்குங்க ஆகும்?” என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். நான் அவருக்கு பெட்டின் கதையைச் சொன்னேன். அதன் மிச்சத்தையும் சொன்னேன்.

மிச்சம் இதுதான். பெட்டுக்கு வேலை போயிற்று. டச்சுக்காரர் பெருமையாக இழுத்துப் போன ‘ராயல் சார்லஸ்’ அவர்களுக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. அதன் அடி ஆழம் அதிகம், ஹாலந்துக் கரையின் ஆழமற்ற தண்ணீருக்கு ஒத்துவரவில்லை. கட்டிவைத்து ஊராருக்குக் காட்டினார்கள். 1673-இல் உடைசலுக்கு ஏலம் விட்டார்கள். பின்புறத்துச் சிங்கமும் யூனிகார்னும் செதுக்கிய பலகையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார்கள். அதை இன்று ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் மியூசியத்தில் பார்க்கலாம். கப்பல்களால் டச்சுக்காரருக்கு லாபம் குறைவு என்று பெட் சொன்னது ஆறே வருடத்தில் நிரூபணமாயிற்று.

பெப்பிஸ் காலத்து ஆங்கிலப் போர்க்கப்பல் ஒன்றுகூட இன்று மிதக்கவில்லை. எரிந்தன, மூழ்கின, பிரித்து விறகாக விற்கப்பட்டன. அவை எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மாதிரிகளிடம்தான் போக வேண்டும். பெப்பிஸுக்குப் பின் அதே நாற்காலியில் உட்கார்ந்த சார்லஸ் செர்ஜிசன் சேர்த்தவை அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவின் அனாபொலிஸ் கடற்படைக் கழகத்தில் இருக்கின்றன. பிரிட்டனின் தேசியத் தொகுப்பில் ஏறக்குறைய 4,000 கப்பல் மாதிரிகள் உண்டு. அவற்றுக்கென்று ஒரு பழைய கொல்லுப்பட்டறைக் கட்டடத்தைச் சீர்செய்து, 2010-இல் திறந்து, பெரும்பகுதியை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அந்தக் கட்டடம் இருக்கும் இடம் சாத்தம் கப்பல் கட்டும் துறை. பெட் தன் மாதிரிகளைப் படகில் ஏற்றிய அதே மெட்வே கரை.